போர் வரும் முன்பே தொடங்கிய ‘போர் சொனாட்டா’: புரோகோஃபீவ் இசைக்கு ‘ஸ்டாலின்கிராட்’ பெயர் பொருந்துமா?

1943 ஜனவரி 18. ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மன் படை பசியிலும் குளிரிலும் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. லெனின்கிராட் முற்றுகையில் செஞ்சேனை முதன்முதலாக ஒரு தரைவழியைத் திறந்ததும் அதே நாளில்தான். அன்று மாஸ்கோவில், ஸ்வியாத்தோஸ்லாவ் ரிக்டர் என்ற 27 வயது பியானோ கலைஞர் மேடையேறி, நான்கே நாட்களில் மனப்பாடம் செய்த ஒரு புதிய படைப்பை முதன்முறையாக வாசித்தார். செர்கேய் புரோகோஃபீவ் எழுதிய ஏழாவது பியானோ சொனாட்டா அது.

இரண்டு வாரத்தில் ஸ்டாலின்கிராட் போர் சோவியத் வெற்றியோடு முடிந்தது. அதே ஆண்டு இந்தச் சொனாட்டாவுக்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்தது. பிறகென்ன? ‘ஸ்டாலின்கிராட் சொனாட்டா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் இசைத்தட்டு உறைகளிலும் கச்சேரி அறிவிப்புகளிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். இதற்கு முன்னும் பின்னும் வந்த ஆறாவது, எட்டாவது சொனாட்டாக்களையும் சேர்த்து, மூன்றையும் ‘போர் சொனாட்டாக்கள்’ என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். இந்தப் பெயரைப் புரோகோஃபீவ் வைக்கவில்லை. அவர் இந்த மூன்று சொனாட்டாக்களையும் எழுதத் தொடங்கியது 1939-ல். ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது 1941 ஜூன் 22-ல். 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தமே போட்டிருந்தார்கள். ஸ்டாலின்கிராட் என்ற ஊர் ஒரு போரின் பெயராக மாறும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அப்படியானால் இந்த இசையில் கேட்கும் இரைச்சலும் பதற்றமும் எங்கிருந்து வந்தன?

முதலில், இந்த இசையில் என்னதான் இருக்கிறது?

சொனாட்டா என்பது ஒரே ஒரு வாத்தியத்துக்காகவோ, ஒரு வாத்தியமும் பியானோவும் சேர்ந்து வாசிப்பதற்காகவோ எழுதப்படும் பல பகுதிகள் கொண்ட படைப்பு. ஏழாவது சொனாட்டா பியானோவுக்கு மட்டும். மூன்று பகுதிகள், மொத்தம் ஏறக்குறைய 18 நிமிடம். ஒரு சீரியல் எபிசோடு பார்க்கும் நேரம்தான்.

முதல் பகுதியின் தலையில் புரோகோஃபீவ் எழுதிய இத்தாலியச் சொல் ‘இன்குயெட்டோ’. நிம்மதியில்லாத என்று பொருள். ‘பி பிளாட் மேஜர்’ என்று அட்டையில் இருந்தாலும், இந்தப் பகுதியில் அந்தச் சுருதி எங்கே நிற்கிறது என்று பிடிபடவே பிடிபடாது. பியானோவைப் பாட வைப்பதற்குப் பதில் தட்டி, குத்தி, முடுக்கி வாசிக்கச் சொல்கிறது. திடீரென எல்லாம் ஓய்ந்து, ஒரு மெதுவான மெட்டு வழி தெரியாமல் அலைகிறது. பிறகு மறுபடி அந்த ஓட்டம்.

இரண்டாவது பகுதி நேர் எதிர். ‘கலரோசோ’, அதாவது கதகதப்பான. பழைய காலத்துப் பாட்டு மாதிரி இதமாக ஆரம்பிக்கிறது. ஆனால் நடுவில் கனம் கூடிக்கொண்டே போய், கோயில் மணி விடாமல் அடிப்பதுபோல இரண்டு சுரங்கள் மாறி மாறி ஒலிக்கின்றன. கடைசியில் பழைய மெட்டு திரும்பி வருகிறது. வந்த வேகத்தில் போயும் விடுகிறது.

மூன்றாவது பகுதிதான் இந்தச் சொனாட்டாவை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. ‘பிரெசிபிடாட்டோ’, தலைதெறிக்க ஓடும் வேகம். மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு எண்ணிக்கை. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு புதிதல்ல. மிஸ்ர சாபு இருக்கிறது. ஆனால் மிஸ்ர சாபுவின் ‘தகிட - தகதிமி’ மூன்றும் நான்குமாகப் பிரியும். புரோகோஃபீவின் ஏழு, ‘தக - தகிட - தக’ என்று இரண்டு, மூன்று, இரண்டாகப் பிரிகிறது. இடது கையில் ஒரே ஒரு சின்ன அடி திரும்பத் திரும்ப வந்து இடிக்கிறது. மூச்சு விட இடமில்லை. முதல் பகுதியில் தொலைந்துபோன பி பிளாட் இங்கே ஆணி அடித்ததுபோல நிலைக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு டாங்கி, பீரங்கி, படைகளின் அணிவகுப்பு என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 1943-ல் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு மரணச் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். அவர்கள் காதில் இது போராக விழுந்தது இயல்பு. சொனாட்டா முடிக்கப்பட்டதும் 1942-ல், புரோகோஃபீவ் மாஸ்கோவிலிருந்து பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டு ஊர் ஊராக இடம் மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான். ஆக, போருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் போர் மட்டும்தான் இதில் இருக்கிறது என்று சொல்வது, 1939-ஐ அப்படியே அழித்துவிடுவதாகும்.

1939-ல் என்ன நடந்தது?

இசையமைப்பாளர்களின் படைப்புகளுக்கு ‘ஓபஸ்’ என்று வரிசை எண் கொடுப்பது வழக்கம். புரோகோஃபீவின் ஓபஸ் 81 முதல் 85 வரையான ஐந்து எண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும், அந்த ஆண்டின் கதை தெரிந்துவிடும்.

ஓபஸ் 81, ‘செம்யோன் கோட்கோ’ என்ற ஆபரா. இதை மேடையேற்ற இருந்தவர் வ்செவொலோத் மேயர்ஹோல்ட். இருபதாம் நூற்றாண்டு நாடக உலகின் மிகப் பெரிய இயக்குநர்களில் ஒருவர். புரோகோஃபீவின் நீண்டகால நண்பர். 1939 ஜூன் 20-ல் ஸ்டாலினின் ரகசிய போலீஸ் அவரைக் கைது செய்தது. அடுத்த மாதம் அவருடைய மனைவி, நடிகை ஜினைதா ரைக், சொந்த வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். மேயர்ஹோல்ட் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகி, 1940 பிப்ரவரி 2-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆபராவை வேறொருவர் இயக்கி, 1940 ஜூனில் அரங்கேற்றினார்கள். எதுவுமே நடக்காத மாதிரி.

ஓபஸ் 82, 83, 84: மூன்று சொனாட்டாக்கள்.

ஓபஸ் 85, ‘ஸ்த்ராவித்சா’. ஸ்டாலினின் 60-வது பிறந்தநாளுக்கு எழுதிய வாழ்த்துப்பா. பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து தலைவரைப் போற்றும். 1939 டிசம்பரில் அரங்கேறியது.

நண்பரைத் தின்ற ஆட்சிக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒரு பக்கம். நிம்மதியில்லாத மூன்று சொனாட்டாக்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மேஜையில், ஒரே ஆண்டில், ஒரே பேனாவில் ஆரம்பமானவை.

இதில் இன்னொரு விஷயம். புரோகோஃபீவ் 1918-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, அமெரிக்காவிலும் பிரான்சிலும் வாழ்ந்து, 1936-ல் தானாகவே குடும்பத்தோடு மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தவர். ‘ஏன்யா திரும்பி வந்தோம்?’ என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டாரா என்பதற்கு எழுத்தில் பதில் கிடையாது. இளமையிலிருந்து விடாமல் எழுதிவந்த நாட்குறிப்பு 1933-உடன் நின்றுவிடுகிறது. பேசுவதே ஆபத்து என்று ஆகிவிட்ட ஊரில் மனிதர்கள் காகிதத்தையும் நம்புவதில்லை.

அப்படியானால் இது ரகசிய எதிர்ப்புக் குரலா?

அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். புரோகோஃபீவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டேனியல் ஜாஃபே அவர்களில் முக்கியமானவர். ஸ்டாலினுக்கு வாழ்த்துப்பா எழுத வேண்டிவந்தவர், உள்ளே இருந்ததை இந்தச் சொனாட்டாக்களில் கொட்டினார் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டும் ஒரு தடயம் சுவாரஸ்யமானது. இரண்டாவது பகுதியின் அந்த இதமான மெட்டு, ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் ‘வேமூட்’ என்ற பாட்டின் மெட்டை ஒத்திருக்கிறது. வெளியே சந்தோஷமாகப் பாடிக்கொண்டே உள்ளே அழும் ஒருவரைப் பற்றிய பாட்டு அது. கூண்டில் அடைபட்ட குயிலின் பாட்டைக் கேட்டு எல்லோரும் மகிழ்கிறார்கள், அதன் வலி யாருக்கும் தெரிவதில்லை என்பது அதன் சாரம்.

கேட்டதும் மனசு அதை நம்பத் துடிக்கும். பொருத்தமும் இருக்கிறது. ஆனால் பொருத்தம் வேறு, நிரூபணம் வேறு. இரண்டு மெட்டுகள் ஒத்திருப்பதை வைத்து ஒரு மனிதரின் நெஞ்சைத் திறந்து பார்த்துவிட்டதாகச் சொல்வது கொஞ்சம் அவசரம்தான். ‘ஸ்டாலின்கிராட் வீரகாவியம்’ என்று அன்றைய ஆட்சி ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு, ‘ஸ்டாலின் எதிர்ப்பு ரகசியக் கடிதம்’ என்று இன்னொரு சீட்டை ஒட்டுவதில் பெரிய லாபமில்லை. இரண்டுமே இசையைக் கேட்பதற்கு முன்பே, அது எதைச் சொல்கிறது என்று முடிவு கட்டிவிடுகின்றன.

ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதை லெனின்கிராட் நகரத்துக்கு அர்ப்பணித்தவர் அவரே. 1942 ஆகஸ்டில், முற்றுகைக்குள் இருந்த அந்த நகரத்திலேயே, பட்டினியில் மெலிந்துபோன இசைக்கலைஞர்கள் அதை வாசித்தார்கள். அந்தப் பெயருக்கு அங்கே உரிமை இருக்கிறது. புரோகோஃபீவின் ஏழுக்கு அப்படி ஒரு உரிமை இல்லை.

முதன்முதலாக அதை வாசித்த ரிக்டரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய அப்பா தியோஃபில் ரிக்டர், ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த ஆர்கன் வாத்தியக் கலைஞர். 1941 அக்டோபரில், ஒடெசாவில், உளவாளி என்று குற்றம்சாட்டி சோவியத் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. மகன் மாஸ்கோவில் ‘வெற்றியின் இசை’யை அரங்கேற்றியபோது அப்பா இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மேடையில் எதிரி யார், நம்மவர் யார் என்று ஒரே கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது.

பரிசு கொடுத்த கையே தடை போட்டது

பெயர் ஒட்டுவதில் உள்ள ஆபத்து 1948-ல் வெட்டவெளிச்சமானது. அந்த ஆண்டு பிப்ரவரி 10-ல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு தீர்மானம் போட்டது. புரோகோஃபீவ், ஷோஸ்டகோவிச் உள்ளிட்ட முன்னணி இசையமைப்பாளர்கள் ‘ஃபார்மலிசம்’ செய்கிறார்கள், அதாவது மக்களுக்குப் புரியாத வெற்று வடிவ விளையாட்டில் இறங்கிவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. சில நாட்களில், வாசிக்கக் கூடாத படைப்புகளின் பட்டியல் வந்தது. அதில் புரோகோஃபீவின் ஆறாவது, எட்டாவது சொனாட்டாக்கள் இருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், எட்டாவது சொனாட்டா சாதாரணப் படைப்பு அல்ல. 1944 டிசம்பரில் எமில் கிலெல்ஸ் அரங்கேற்றியது. 1946-ல் முதல் வகுப்பு ஸ்டாலின் பரிசு பெற்றது. இரண்டே ஆண்டில் அதே அரசு அதைத் தடை செய்தது. இரண்டாம் வகுப்புப் பரிசு வாங்கிய ஏழாவது சொனாட்டா அந்தப் பட்டியலில் இல்லை. மூன்றும் ஒன்றாகத் தொடங்கியவை. மூன்றிலும் அதே கரடுமுரடு, அதே பதற்றம். ஒன்று தப்பியது, இரண்டு மாட்டியது. அந்தப் பட்டியலை வைத்து இசையைப் பற்றி யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதிகாரத்தைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

தீர்மானம் வந்த பத்தாம் நாள், பிப்ரவரி 20-ல், புரோகோஃபீவின் முதல் மனைவி லினா கைதானார். ஸ்பெயினில் பிறந்த பாடகி அவர். உளவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு, 20 ஆண்டு தண்டனை. எட்டு ஆண்டுகளை முகாம்களில் கழித்து 1956-ல்தான் வெளியே வந்தார். அதற்குள் புரோகோஃபீவ் இறந்துபோயிருந்தார். அவர் இறந்தது 1953 மார்ச் 5. ஸ்டாலின் இறந்த அதே நாள். நாடே தலைவருக்காகத் துக்கம் காத்ததில், இசையமைப்பாளரின் மரணச் செய்தி அமுங்கிப்போனது.

1958-ல் கட்சி இன்னொரு தீர்மானம் போட்டு, 1948-ன் மதிப்பீடுகள் சரியல்ல என்று ஒப்புக்கொண்டது. பாராட்டு, பரிசு, கண்டனம், தடை, திருத்தம் எல்லாம் ஒரு சுற்று வந்து முடிந்தது. இத்தனைக்கும் அந்தச் சொனாட்டாக்களில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

‘பழைய கதைதானே, இப்ப எதுக்கு?’

பழைய கதை இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, ரஷ்ய இசையை வாசிக்கலாமா என்ற கேள்வி உலக அரங்குகளில் எழுந்தது. பிரிட்டனில் கார்டிஃப் பில்ஹார்மோனிக் இசைக்குழு, சாய்கோவ்ஸ்கியின் நிகழ்ச்சி ஒன்றையே மாற்றியமைத்தது. குண்டு விழும் ஊரில் இருப்பவர்களுக்கு, படையெடுத்த நாட்டின் இசை காதில் விழுவதே வலிக்கும் என்றால், அந்த வலி நியாயமானது. ஒரு கலாசாரத்தைப் பெருமை பேசிக்கொண்டே அதை ஆயுதமாகவும் பயன்படுத்தும் அரசு இருக்கும்போது, அந்தக் கலாசாரத்தின் மீது சந்தேகம் வருவதும் இயல்பு.

ஆனால் ‘ரஷ்ய சொனாட்டா’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? புரோகோஃபீவ் பிறந்த சொன்சோவ்கா, இன்றைய உக்ரைனின் தொனெட்ஸ்க் பகுதியில் இருக்கிறது. ஏழாவது சொனாட்டாவை முதலில் வாசித்த ரிக்டர் பிறந்தது உக்ரைனின் ஜிடோமிரில். எட்டாவதை அரங்கேற்றிய கிலெல்ஸ் ஒடெசாக்காரர். ஏழாவதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 1945-ல் இசைத்தட்டாகப் பதிவு செய்த விளாதிமிர் ஹொரோவிட்ஸ் கீவ் நகரில் வளர்ந்தவர். தொனெட்ஸ்க் விமான நிலையத்துக்குப் புரோகோஃபீவின் பெயரையே வைத்திருந்தார்கள். 2014-ல் தொடங்கிய சண்டையில் அந்த விமான நிலையம் இடிந்து சுடுகாடானது.

இப்படி ஒரு இசையை ‘அவர்களுடையது’ என்று தள்ளவும் முடியாது, ‘எங்களுடையது’ என்று ரஷ்ய அரசு நெஞ்சில் குத்திக்கொள்ளவும் முடியாது. இதை எழுதியவரும் வாசித்தவர்களும் எந்த அரசாலும் முழுதாகச் சொந்தம் கொண்டாடப்பட முடியாதவர்கள். அந்த அரசால் காயப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

புரோகோஃபீவைப் புனிதராக்கவும் தேவையில்லை. அவர் எதிர்த்துப் பேசி சிறைக்குப் போனவர் அல்ல. வாழ்த்துப்பா எழுதினார், பரிசுகளை வாங்கிக்கொண்டார். பயந்து செய்தார், பிழைக்கச் செய்தார், ஒரு பகுதி விரும்பியும் செய்திருக்கலாம். அதையெல்லாம் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. ‘வீரகாவியம்’ என்ற பெயரும் இதைச் சொல்வதில்லை, ‘தடை’ என்ற முத்திரையும் சொல்வதில்லை. வாசித்து, கேட்டு, பின்னணியையும் சேர்த்துப் பேசும்போதுதான் அது வெளியே வரும்.

ஆகவே கச்சேரி நடத்துபவர்களும் இசைத்தட்டு வெளியிடுபவர்களும் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. அட்டையிலிருந்து ‘ஸ்டாலின்கிராட்’ என்ற பட்டப்பெயரை எடுத்துவிட்டு, ‘1939-1942’ என்ற இரண்டு ஆண்டுகளைப் போடலாம். விற்பனைக்குக் கவர்ச்சி கொஞ்சம் குறையும். உண்மை கூடும்.

முதன்முறை கேட்பவர்களுக்கு

மேற்கத்திய செவ்வியல் இசை பழக்கமில்லாதவர்கள் கடைசிப் பகுதியில் ஆரம்பிக்கலாம். மௌரிட்சியோ போலினி 1971-ல் பதிவு செய்தது இன்றும் பலருக்கு அளவுகோல். கத்தி முனை மாதிரித் தெளிவு. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்: தக - தகிட - தக. இரண்டு மூன்று முறை கேட்டால் பிடிபட்டுவிடும்.

அதோடு நிறுத்திவிட வேண்டாம். மூன்றாவது பகுதியை மட்டும் தனியாகக் கேட்டால் அது வெற்றி முரசாகத்தான் ஒலிக்கும். முதல் பகுதியின் நிம்மதியின்மையையும் இரண்டாவது பகுதியின் மணியோசையையும் கடந்து அங்கே வரும்போது, அதே ஓட்டம் வேறு மாதிரிக் கேட்கும். எதையோ பிடிக்க ஓடுகிறதா, எதனிடமிருந்தோ தப்பி ஓடுகிறதா? புரோகோஃபீவ் அதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. அந்தக் கேள்வி திறந்தே இருப்பதுதான், 80 ஆண்டு கழித்தும் இந்த 18 நிமிடம் பழசாகாமல் இருப்பதற்குக் காரணம்.